தாழ்ப்பாளில் தொடங்கினோம்

ஆய்வகத்தின் சாவி தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருந்தது. குத்துவிளக்கு, சுதந்திர தினக் கொடி, ஆண்டு விழாவில் பரிசு கொடுத்து மிஞ்சிய எவர்சில்வர் டம்ளர்கள், இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள். 2022 ஜூலையில் நான் முதன்முதலாகப் போன அன்று அதைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. கதவைத் திறந்தால் அறை பளிச்சென்று இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. வேலை நடக்கிற அறை அப்படி இருக்காது. மூலையில் ஒரு 3டி பிரிண்டர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உறையின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மூன்று ஆயுத பூஜை கண்ட இயந்திரம். ஒரு பொருளும் செய்ததில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு 1981இல் கோவையில் பம்ப்செட் செய்யும் ஆலையொன்றில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள். கடைசி இருபத்திரண்டு ஆண்டுகள் டூல் ரூமில், அதாவது ஆலைக்குத் தேவையான கருவிகளைச் செய்யும் பிரிவில். ஓய்வு பெற்றபின் வீட்டில் மிக்சி பழுது பார்த்துக்கொண்டிருந்தவனை, எங்கள் வீதியில் குடியிருக்கும் இயற்பியல் ஆசிரியர்தான் பள்ளிக்கு அழைத்துப் போனார். கோவைக்குக் கிழக்கே ஓர் அரசு உதவிபெறும் பள்ளி, பெயர் வேண்டாம். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கையால் செய்து பழக டிங்கரிங் லேப் கொடுக்கிறார்களே, அதில் ஒன்று அங்கே வந்திருந்தது. மொத்தம் 20 லட்சம் ரூபாய். இயந்திரங்கள் வாங்கவும் அறையைத் தயார் செய்யவும் 10 லட்சம், நடத்துவதற்கு ஐந்தாண்டுகளுக்கு 10 லட்சம். பணம் வந்தது, இயந்திரம் வந்தது, பெருந்தொற்று வந்தது, அறை மூடியது. பிறகு திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். ஆசிரியர் சோம்பேறி இல்லை. அவர் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: "ஐயா, உடைந்தால் யார் பதில் சொல்வது?"

இருப்புப் பதிவேட்டைக் காட்டினார். அதில் ட்ரில் பிட்டுக்குக்கூட வரிசை எண் இருந்தது. எல்இடி விளக்கு நூறு என்று எழுதியிருந்தால், தணிக்கைக்கு வருகிறவர் எண்ணும்போது நூறு இருக்க வேண்டும். ஓய்வு பெற்றுப் போன முந்தைய பொறுப்பாசிரியரிடமிருந்து அப்படியே எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் இவர். இந்த நிலையில் ஒரு பிள்ளையின் கையில் 3 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டைக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தப் பிட் ஒடியத்தான் செய்யும். ஒடியாமல் ட்ரில் போடக் கற்றவன் இந்த உலகத்தில் இல்லை.

ஆலையில் இதற்கு எளிய வழி உண்டு. நிலைத்து நிற்கும் கருவி ஒரு கணக்கு. தேய்ந்து, ஒடிந்து, தீர்ந்து போகிற பொருள் இன்னொரு கணக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து பதிவேட்டை இரண்டாகப் பிரித்தோம். ஹேக்ஸா பிளேடு, ட்ரில் பிட், உப்புத்தாள், சால்டரிங் ஈயம், பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை, எல்இடி எல்லாம் தீர்ந்துபோகும் பொருள் என்று பட்டியலிட்டு, பள்ளி நிர்வாகக் குழுவில் ஒரு பக்கத் தீர்மானமாக நிறைவேற்றி வாங்கினோம். கூடவே 'உடைந்தது' என்று ஒரு நோட்டு. என்ன உடைந்தது, யார் கையில், எதனால். அபராதம் கிடையாது, எழுதினால் போதும். பள்ளியில் இப்படி ஓர் அறையை நடத்தப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த இயந்திரம் வாங்குவதற்கு முன்பும் அந்த ஒரு பக்கத் தீர்மானத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் செய்தது பெரிய தவறு.

எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே தொடங்கினேன். ஐ.டி.ஐ.யில் முதல் சில மாதங்கள் எங்கள் கையில் அரம் ஒன்றுதான். இரும்புத் துண்டை வைஸ் என்ற இறுக்குப் பிடியில் மாட்டி அராவிக்கொண்டே இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் இடையில் ஒளி தெரியக் கூடாது. ஃபிட்டருக்குக் கை வருவது அப்படித்தான். ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்த இருபத்தாறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு இரும்புத் துண்டு கொடுத்து, ஐம்பதுக்கு ஐம்பது மில்லிமீட்டர் சதுரமாக அராவுங்கள் என்றேன். மூன்றாவது வாரம் பதினொரு பேர்தான் வந்தார்கள். ஒரு பையன் நேராகவே கேட்டான்: "தாத்தா, இது சதுரமானால் எதற்கு ஆகும்?"

எதற்கும் ஆகாது. அதை மறுபடி பழைய இரும்புப் பெட்டியில்தான் போடப்போகிறேன். நாங்கள் அராவியபோது எங்களுக்கு வயது பதினேழு. மாதக் கடைசியில் உதவித்தொகை இருந்தது. அதன் முடிவில் ஆலை வேலை இருந்தது. இந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, நாற்பது நிமிடப் பீரியட், அடுத்த மணிக்குக் கணக்குத் தேர்வு. என் ஐ.டி.ஐ.யைக் கொண்டுவந்து அவன் தலையில் கவிழ்த்தது என் பிழை. அராவப் பழகத்தான் வேண்டும். ஆனால் அராவுவதற்கு ஒரு காரணம் முன்னால் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு காலி அட்டைப் பெட்டியில் துளை போட்டு வராந்தாவில் வைத்தோம். 'இந்தப் பள்ளியில் எது உடைந்திருக்கிறது? பெயர் எழுத வேண்டாம்.' ஒரு வாரத்தில் நாற்பத்தொரு சீட்டுகள். ஆடும் பெஞ்சு, ஒழுகும் குழாய், கரும்பலகைச் சட்டம், கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப். அவற்றில் பதினான்கு சீட்டுகள் பொடிப்பொடியான எழுத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லின. மாணவியர் கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு சீட்டில் 'ஒருத்தி போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தோழி வராத நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை' என்று இருந்தது.

இயற்பியல் ஆசிரியர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்கிறவர் அவர்.

கடையில் தாழ்ப்பாள் வாங்கி ஒரே நாளில் மாட்டியிருக்கலாம். முன்பு இரண்டு முறை அப்படி மாட்டியதாகவும், மெல்லிய தகடு வளைந்து போய்விட்டதாகவும் ஆயா அம்மாள் சொன்னார். சரி, நாமே செய்வோம் என்று முடிவானது. ஆனாலும் அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க விடக் கூடாது என்று, அன்று மாலையே கதவுகளில் தற்காலிகமாகக் கொக்கி மாட்டச் செய்தார் தலைமையாசிரியை. அதை முதலில் யோசிக்காத எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்பது கதவுகள். அளவெடுக்க நானோ ஆசிரியரோ உள்ளே போக முடியாது. ஆகவே அளவெடுக்கும் பொறுப்பு தானாகவே பெண்பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதற்குத் தலைவியானாள். தாத்தா தச்சர் என்பதால் அவளுக்கு 'நூல்' தெரிந்திருந்தது. "கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இரண்டு நூல் இடைவெளி, தாத்தா" என்றாள். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். அதை அவளையே பலகையில் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியை எப்படிப் படிப்பது என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக எல்லோரும் சண்டை போட்டுக் கற்றார்கள். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் கருவியால் செப்டம்பரில் கதவை அளந்தாள் அவள். நவம்பர் மழையில் கதவு ஊறி மூன்று மில்லிமீட்டர் தொங்கியது. நிலைப்பக்கத் துளைகள் அத்தனையையும் உருட்டு அரத்தால் நீள்துளையாக இழுக்க வேண்டிவந்தது. அரத்தைக் கையில் எடுக்க அன்று யாரையும் நான் கெஞ்சவில்லை.

வடிவம் எளியது. 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை வெட்டி எல் வடிவில் வளைத்து, நிற்கும் பக்கத்தில் ஒரு துளை, படுத்திருக்கும் பக்கத்தில் திருகாணிக்கு இரண்டு துளை. ஒரு தாழ்ப்பாளுக்கு இப்படி மூன்று: இரண்டு கதவில், ஒன்று நிலையில். மூன்றின் துளைகள் வழியாக 8 மில்லிமீட்டர் கம்பி ஓட வேண்டும். இருபத்தேழு எல் துண்டுகள், எண்பத்தொரு துளைகள்.

முதல் துண்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு 8 மில்லிமீட்டர் கம்பியை நுழைத்தார்கள். போகவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. கம்பியை அளந்தார்கள், துளையை அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள். எட்டுக்குள் எட்டு ஏன் போகவில்லை என்ற கேள்வியோடு அன்று மணி அடித்துவிட்டது. நாற்பது நிமிடத்தில் விடை கிடைக்காதது நல்லதாகப் போயிற்று. மறுநாள் ஆறு பேர் காலைப் பிரார்த்தனைக்கு முன்பே வந்து நின்றார்கள். ஓடும் பொருளுக்கு இடம் விட வேண்டும். எட்டரை போட்டோம், வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன்மேல் எனாமல் இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்தபின் கம்பி மறுபடியும் சிக்கியது! கம்பியின் மேலும் பெயின்ட், துளையின் உள்ளும் பெயின்ட். டூல் ரூமில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்த எனக்கு அது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆலையில் பெயின்ட் அடிப்பது வேறு பிரிவு. 'உடைந்தது' நோட்டில் அன்று என் பெயரும் ஏறியது.

இப்போது 3டி பிரிண்டர் கதைக்கு வருகிறேன்.

எனக்கு அதன்மேல் மதிப்பில்லை. மற்ற பள்ளிகளில் அதில் சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, சின்ன யானை பொம்மை செய்து விருந்தினருக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் ஓடி ஒரு பிளாஸ்டிக் யானை. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை மூன்று பட்டை அறுத்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாளில் அடுத்து வந்த சிக்கல் துளையின் உயரம். ஒவ்வொரு எல் துண்டிலும் அடியிலிருந்து கம்பித் துளை ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் கோடு கிழித்து, சென்டர் பஞ்சால் குழி அடித்து, ட்ரில் போட்டார்கள். பஞ்ச் கொஞ்சம் சரிந்து விழும். பிட் கொஞ்சம் நடக்கும். ஒரு மில்லிமீட்டர் தப்பும். மூன்று துண்டை வரிசையாக வைத்தால் கம்பி நடுவில் முட்டும். ஏழு துண்டுகள் வீணாயின.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் பேசாமல் கணினிமுன் உட்கார்ந்திருந்தான். டிங்கர்கேட் என்ற வரைபட மென்பொருளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பிரிண்டரிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். உள்ளே எல் துண்டு கச்சிதமாக உட்காரும் பள்ளம். பக்கத்தில் ஒரே ஒரு துளை. "துண்டை இதற்குள் வைத்து, இந்தத் துளை வழியாக ட்ரில் விட்டால் எப்போதும் அதே இடத்தில்தான் விழும், தாத்தா. கோடு கிழிக்கவே வேண்டாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கையில் இருந்தது ஜிக். டூல் ரூமில் என் வேலையே அதுதான்: இன்னொருவர் ட்ரில் போடுவதற்கு ஜிக் செய்து கொடுப்பது. அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொன்னதில்லை. தேவை முட்டியதும் அவனே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். எஃகில் நான் ஒரு வாரம் உழைத்துச் செய்வதைப் பிரிண்டர் நான்கு மணி நேரத்தில் செய்திருந்தது. அது தவறாக இருந்தால் மறுநாள் திருத்திப் புதிதாக எடுக்கலாம். பிளாஸ்டிக் யானையை வைத்து நான் அந்த இயந்திரத்தை எடைபோட்டிருந்தேன்.

அந்தக் கட்டி எடுத்த எடுப்பில் வந்ததும் அல்ல. முதல் முயற்சியில் இழை உள்ளே பொரிந்து, வெளியே சிலந்தி வலையாகத் தொங்கியது. மூன்று வருடம் திறந்து கிடந்த பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை காற்றின் ஈரத்தைக் குடித்து நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தது, தூக்கிப் போட்டோம். புதியதை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, செருப்புக் கடைப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பிள்ளைகள் சேர்த்துப் போட்டார்கள். இரண்டாவது முயற்சியில் மூலை தட்டிலிருந்து கிளம்பிக்கொண்டது. தட்டு மட்டமாக இல்லை, அதோடு மேலே ஃபேன். ஃபேனை நிறுத்தி, தட்டை மட்டம் பார்த்து வைத்தபின் ஒட்டியது. மூன்றாவது முயற்சி முக்கால்வாசி வந்தபோது மின்சாரம் போனது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. செய்தித்தாளில் ஊர் பெயரோடு போட்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் நீண்ட நேரம் ஓடும் வேலை என்றால் முதலில் பேப்பர் பார்க்க ஓர் ஆளை வைத்திருக்கிறோம்.

ஜிக் வந்தும் பிரச்சினை தீரவில்லை. எட்டாவது துண்டுக்குள் ஆரஞ்சுத் துளை அகன்றுவிட்டது. ட்ரில் பிட்டின் சூட்டை அந்தப் பிளாஸ்டிக் தாங்காது. அறுபது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். இதற்கு என்னிடம் பதில் இருந்தது: துளைக்குள் புஷ் என்ற சிறிய எஃகுக் குழல் ஒன்றை இறுக்கமாகச் செருக வேண்டும். வெளிவிட்டம் 14, உள்விட்டம் 8.5, நீளம் 15. ஆனால் அதற்கு லேத், அதாவது கடைசல் இயந்திரம் வேண்டும். எங்களிடம் இல்லை. "அப்பா போட்டுக் கொடுப்பார்" என்றான் அந்தப் பையன். சொல்லிவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான். ஏனென்றால் அப்பாவை அதற்கு முந்தைய வாரம்தான் நாங்கள் எல்லோரும் சந்தித்திருந்தோம்.

அந்தச் சந்திப்பைச் சொல்வதற்கு முன் என் இடது ஆள்காட்டி விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் முதல் கணு கிடையாது. 1984இல் கையுறை போட்டுக்கொண்டு ட்ரில்லிங் மெஷினில் நின்றேன். சுழலும் பிட் நூலைப் பற்றியது, கையுறை இழுத்தது, விரல் போனது. தவறு என்னுடையதுதான். முதல் வகுப்பிலேயே அதைப் பிள்ளைகளிடம் காட்டிவிடுவேன், தொட்டுப் பார்க்கவும் விடுவேன். பத்துப் பாதுகாப்புப் பலகைகள் செய்யாததை அது செய்யும். சுழலும் இயந்திரத்தில் கையுறை கூடாது. துப்பட்டா, தொங்கும் சடை, கையில் கட்டிய சாமிக் கயிறு, எதுவும் கூடாது. சடையைச் சுருட்டிக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும். கயிற்றைக் கழற்றச் சொன்னால் வீட்டில் வருத்தப்படுவார்கள். முழங்கை வரை ஏற்றி ரப்பர் பேண்ட் போடச் சொன்னேன், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பிட்டைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியை அந்தச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைத் தொடக் கூடாது. சாவி சக்கில் இருக்கும்வரை கை அதை விட்டுப் பிரியக் கூடாது.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்தும், அந்தப் பையன் ஒருநாள் அவசரத்தில் பட்டையை வைஸில் பிடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டு ட்ரில் போட்டான். பிட் பட்டையைத் துளைத்து வெளியே வரும் அந்தக் கடைசி நொடியில்தான் கடிக்கும். கடித்தது. பட்டை அப்படியே சுற்றி அவன் விரல் முட்டியில் அடித்தது. தோல் கிழிந்து ரத்தம். முதலுதவி, டி.டி. ஊசி, வீட்டுக்குத் தகவல்.

மாலையில் அப்பா வந்தார். நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். சட்டையில் லேத்துக்கு ஊற்றும் கூலன்ட் வாசனை. எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். அவர் சத்தம் போடவில்லை. "ஏனுங்க ஐயா, இருபது வருடமாக லேத்தில் நிற்கிறேன். இவன் நிற்கக் கூடாது என்றுதான் இங்கே அனுப்புகிறேன். இங்கேயும் அதையே கொடுக்கிறீர்களே?" என்றார்.

அவருக்கு என்னிடம் பதில் இல்லை. என் மகன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறான். ஒருநாள்கூட அவனை நான் டூல் ரூமுக்குக் கூட்டிப்போனதில்லை. விடுமுறையில் வருகிறேன் என்று அவன் கேட்டபோதும் படி என்று சொல்லி விட்டுவிட்டேன். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதில் சேர்கிற பிள்ளை என்றாலே படிப்பு வராத பிள்ளை என்று பெயர் வைத்தது யார்? நான், எங்கள் ஆலைக்காரர்கள், எங்கள் வீதி எல்லோரும்தான். கையில் எண்ணெய் படுகிற வேலையை அடுத்த தலைமுறை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர்கள், ஊரெல்லாம் நல்ல ஃபிட்டர் கிடைப்பதில்லை என்று புலம்பவும் செய்கிறோம். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. காயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "கையால் பிடிக்கக் கூடாது என்று சொன்னேன், அவன் பக்கத்தில் நிற்காமல் போனது என் தவறு" என்றேன். அவர் மகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழைத்துப் போனார்.

அதன்பின் விதியை மாற்றினோம். ஒரு ட்ரில்லிங் மெஷினுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் போட, மற்றவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில். பெரியவர் ஒருவர் அறையில் இல்லாவிட்டால் மெஷினுக்கு மின்சாரமே வராது. மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டு. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அந்த அப்பாவிடம்தான் புஷ் கேட்க வேண்டியிருந்தது. நான் காகிதத்தில் படம் வரைந்து, அளவு போட்டு, மறுப்பார் என்றே நினைத்துக் கொடுத்தனுப்பினேன். நான்காம் நாள் பையன் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான். எண்ணெய்த் தாளில் சுற்றிய மூன்று புஷ். ஒன்று கேட்டதற்கு மூன்று. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், அளவில் ஒரு குறையும் இல்லை. நான் படத்தில் போடாத ஒன்றையும் அவர் செய்திருந்தார்: ட்ரில் நுழையும் வாயில் மெல்லிய சாய்வு வெட்டி, பிசிர் எடுத்து, கையால் தடவினால் வழுக்கும்படி தேய்த்திருந்தார். பிட் தடவித் தடவி இடம் தேட வேண்டாம், தானாக உள்ளே இறங்கும். பிள்ளைகள் நிற்கும் மெஷின் என்று யோசித்துச் செய்த வேலை அது. ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் புஷ்ஷோடு இருபத்தேழு துண்டும் முடிந்தன. டிசம்பர் முதல் வாரம் ஒன்பது கதவிலும் தாழ்ப்பாள் ஏறியது. பெண்பிள்ளைகளே மாட்டினார்கள், ஆண்பிள்ளைகள் வராந்தாவில் திருகாணி எண்ணிக் கொடுத்தார்கள்.

சீட்டுப் பெட்டி அதற்குப்பின் ஆர்டர் நோட்டாக மாறியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், செய்ய முடிந்ததைச் செய்வோம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. மகாராஷ்டிரத்தில் புனே அருகே பாபல் என்ற ஊரில் டாக்டர் கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தின் வழி அது. பள்ளிப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் பட்டறையிலும் வயலிலும் வேலை செய்து, ஊருக்குத் தேவையானதைச் செய்து கொடுத்துக் கற்பது. அமெரிக்காவின் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் ஃபேப் லேப் என்ற, கணினியால் இயங்கும் இயந்திரங்கள் கொண்ட பட்டறை யோசனையைத் தொடங்கி, அதை வெளியே கொண்டுபோனபோது மிக முதலில் வந்து சேர்ந்த இடங்களில் பாபலும் ஒன்று, 2002. கணினியால் இயங்கும் இயந்திரம் அந்த ஊருக்கு வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே அங்கே வெல்டிங்கும் தச்சும் நடந்துகொண்டிருந்தன என்பதை இங்கே யாரும் கவனிப்பதில்லை. பழைய பட்டறைமேல் புது இயந்திரம் வந்து உட்கார்ந்தது. நாம் தலைகீழாகத் தொடங்குகிறோம்: பிரிண்டர் இருக்கிறது, வைஸ் இல்லை.

என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டாவது பிரிண்டருக்குப் பணம் இருந்தால், அதில் நல்ல வைஸ் நான்கும், வெர்னியர் ஐந்தும், 13 மில்லிமீட்டர் பெஞ்ச் ட்ரில் ஒன்றும் வாங்குங்கள். மேசை கனமாக இருக்கட்டும். வகுப்பறை மேசையில் வைஸ் மாட்டினால் மேசைதான் ஆடும். மலிவான அரம் வாங்காதீர்கள். லேசர் வெட்டும் இயந்திரம் எங்களிடம் இல்லை. இருப்பவர்கள் ஃபிளெக்ஸ், ரெக்ஸின் போன்ற பிவிசி எதையும் அதில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற அமிலப் புகை நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். ஓய்வு பெற்ற ஃபிட்டரோ தச்சரோ வயரிங்காரரோ ஊருக்கு நான்கு பேர் இருப்போம். கூப்பிட்டால் வருவோம். போக வரப் பஸ் காசும் ஒரு டீயும் கொடுத்தால் போதும். ஆனால் எங்களை முதல் மாதம் தனியாக விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளை அராவ வைத்தே விரட்டிவிடுவோம்.

2025 பட்ஜெட்டில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இப்படி 50,000 ஆய்வகங்கள் என்று அறிவித்தார்கள். கேட்டதும் எனக்கு அந்த பிஸ்கட் டப்பாதான் நினைவுக்கு வந்தது.

புஷ் செய்து கொடுத்தவரின் மகன் இப்போது மேல்நிலையில் கணினிப் பிரிவில் படிக்கிறான். அப்பாவின் விருப்பம். சனிக்கிழமைகளில் வருகிறான். அப்பா இதுவரை ஆய்வகத்துக்குள் வந்ததில்லை. வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார்.

போன மாதம் ஆர்டர் நோட்டில் சத்துணவுக் கூடத்து அம்மா ஒன்று எழுதச் சொன்னார். பெரிய கரண்டியின் காம்பு சுடுகிறது, பிடி வேண்டும். பிரிண்டரில் செய்வோம் என்று ஒரு கட்சி. பிளாஸ்டிக் இளகும், மரம்தான் வேண்டும் என்று இன்னொரு கட்சி. வாதம் முற்றியதும், அச்சிட்ட ஒரு துண்டைச் சாம்பார் அண்டா ஓரத்தில் பத்து நிமிடம் வைத்துப் பார்க்க முடிவு செய்தார்கள். வெண்டைக்காய் போல வளைந்து வந்தது. தச்சர் பேத்தி, இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு, அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, தாத்தாவிடம் வேப்பங்கட்டை கேட்டிருப்பதாகச் சொன்னாள். காம்பின் விட்டம் பன்னிரண்டு என்றாள். "எத்தனைக்குத் துளை போடப்போகிறாய்?" என்று கேட்டேன். "சூடானால் காம்பு எவ்வளவு விரியும் என்று முதலில் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வெர்னியரை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள்.